செஸி நம்பரின் முதல் எழுத்து

தயாநிதி ஒரு வாகனத்தைப் பார்க்கப் போனால் எஞ்சினைத் திறக்கமாட்டான், சில்லைத் தட்டமாட்டான். முதலில் முன்கண்ணாடியின் கீழ் மூலையில் குனிந்து, வாகனத்தின் அடையாள எண்ணான செஸி நம்பரை வாசிப்பான். முதல் எழுத்து ‘ஜே’ என்றால் யப்பானில் செய்தது. நிமிர்ந்துவிடுவான்.

“வேண்டாம். உதிரிச் சாமான் எடுக்க நாள் செல்லும்.”

புலம்பெயர்ந்து வந்த ஐரோப்பிய நாட்டில், ஓர்லிகோன் என்ற ஊரில், ஒரு கராஜில் அவன் பதினைந்து வருட மெக்கானிக். பழைய கார் வாங்கும் தமிழர்கள் சனிக்கிழமைகளில் அவனைக் கூட்டிப் போவார்கள். அவன் வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்து வைப்பார்கள். சாமான் கதை பொய் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

இரண்டாயிரத்து ஏழில், யாழ்ப்பாணத்தில், பட்டப்பகலில், ஒரு வெள்ளை வான் அவன் அண்ணன் அருட்செல்வனை ஏற்றியது. யப்பான் வான். ஆளை உள்ளே தள்ளும்போது எஞ்சின் நின்றுபோயிற்று. மதிலோடு ஒட்டி நின்ற தயாநிதி, ஸ்டார்ட் வரக்கூடாது என்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டான். துருப்பிடித்த வான். அந்த நாட்களில் ஊரில் பாதி வாகனம் தள்ளித்தான் ஓடும்.

ஒரே திருகில் ஸ்டார்ட் வந்தது.

அண்ணன் திரும்பவில்லை. அந்தச் சத்தம் போகவுமில்லை.

இந்தச் சனிக்கிழமை கூப்பிட்டவள் தனுஷியா. பக்கத்து நகரம் வின்டர்தூரில் கலியாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவள். போன வருடம் அவள் ஆசைப்பட்ட யப்பான் வானைத் தட்டிக்கழித்து, வேறொன்றை எடுக்கச் சொன்னவன் இவன்தான். அது மூன்று தரம் நடுவழியில் நின்றது. கடைசித் தரம் கூப்ரிஸ்ட் சுரங்கப்பாதைக்குள். பின்னால் வந்த லொறி ஒரு முழம் விட்டு நின்றது.

“இந்தமுறையாவது ஓடுற வானாப் பாருங்கோ அண்ணை. சாம்பார் ஏத்தின வானைத் தள்ளிக்கொண்டு போக ஏலாது.”

விற்பவரின் முற்றத்தில் வான் நின்றது. வெள்ளை. முகப்பில் யப்பான் கொம்பனியின் சின்னம். தயாநிதி ஓரடி பின்வைத்தான்.

“யப்பான்,” என்றான்.

“ஓம். அதுக்கென்ன? இந்த நாட்டிலை ஆர் கார் செய்யினம்? எல்லாம் எங்களைப் போல வந்து சேர்ந்ததுதான். பெர்மிட் இருந்தால் சரி.”

அவன் குனிந்தான். ‘ஜே’ இல்லை. ‘வீ’, ‘எஃப்’. பிரான்ஸ். சின்னம் மட்டும்தான் யப்பான், செய்தது பக்கத்து நாட்டில் என்றார் விற்பவர். இப்போது எல்லாம் அப்படித்தான் என்றார்.

தயாநிதி இன்னொரு தரம் வாசித்தான். எழுத்து மாறவில்லை. நெஞ்சு படபடத்ததும் அடங்கவில்லை. பயம் அந்த எழுத்தில் இருந்ததில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

கீழே படுத்துத் துரு தேடினான். துரு இருக்கவேண்டும் என்று தேடினான். பிரேக் சுத்தம். எண்ணெய் ஒரு சொட்டு ஒழுகவில்லை. எழும்பி உள்ளே ஏறித் திறப்பைத் திருகினான்.

உடனே ஸ்டார்ட் வந்தது.

எஞ்சினை நிறுத்தி இறங்கினான். தனுஷியா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு பொய் சொன்னால் இன்னொரு சுரங்கத்தில் இவள் நிற்பாள். எல்லா லொறியும் ஒரு முழம் விட்டு நிற்காது.

“நல்ல வான். எடு.”

“ஆர், நீங்களோ யப்பான் வானை எடுக்கச் சொல்லுறியள்? இண்டைக்கு ஸ்னோ கொட்டப்போகுது.” சிரித்தபடி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். “ஏறுங்கோ, ஒரு ரவுண்ட் ஓடிப் பாப்பம்.”

“நீ ஓடிப் பாத்திட்டு வா.”

விற்பவர் பக்கக் கதவை இழுத்துச் சாத்தினார். உருளும் சத்தம், பிறகு ‘டொக்’. வான் வாசலைத் தாண்டும்போது தயாநிதியின் கை தானாகவே சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. நம்பர் தகட்டைப் பார்த்து உள்ளங்கையில் எழுதினான். அண்ணனை ஏற்றிய அன்றைக்குப் பொலிஸ் கேட்ட முதல் கேள்வி வானின் நம்பர். அவன் அதைப் பார்த்து வைத்திருக்கவில்லை.

பத்து நிமிடத்தில் வருவதாகச் சொல்லியிருந்தாள். பத்து போனது. பதினைந்து போனது. விற்பவர் கோப்பி வேண்டுமா என்று கேட்டார். அவனுக்குக் கேட்கவில்லை. தெருவின் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பதினெட்டாவது நிமிடம் வெள்ளை தெரிந்தது. வான் வந்து நின்றது. தனுஷியா தானே கதவைத் திறந்து இறங்கினாள்.

“பஞ்சு மாதிரி ஓடுது அண்ணை! அதென்ன கையிலை? பரீட்சைக்கு பிட் அடிக்கிற மாதிரி?”

“வான் நம்பர்.”

“ஏன்? நான் களவெடுத்துக்கொண்டு ஓடிடுவன் எண்டோ?”

அவள் சிரிப்பு, அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

“இல்லைப் பிள்ளை,” என்றான். “எனக்கு ஒரு அண்ணன் இருந்தவர்.”