குட்டிக் கட்டிலுக்கு ஆறடி மெத்தை

மூத்தவளும் இளையவளும் ஒரே வீட்டு மருமகள்கள். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே நிர்வாகத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். போன வாரத்திலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இருவருக்குமாகச் சினிமாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, தலைவாரிப் பொட்டு வைத்து மூத்தவள் தயாராக நின்றபோது, இளையவளின் கணவன் வந்து "அவ வரலையாம் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். ஒரு வார்த்தை சமாதானம் சொல்லக்கூட ஆளில்லையா என்று மூத்தவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். மறுநாளிலிருந்து இளையவளும் எதற்கோ முறுக்கிக்கொண்டு திரிந்தாள்.

மூத்தவளுக்கு வேலை, தலைமை அலுவலகக் கொள்முதல் பிரிவில். மருத்துவமனை, கல்லூரி, விடுதி என்று ஒவ்வொரு இடத்திலும் அவரவர் கணினியில் கேட்பதெல்லாம் அவளுடைய மென்பொருளில் வந்து விழும். அது ஒரே மாதிரிப் பொருள்களைத் தானே ஒன்று சேர்த்து, மாலையில் கம்பெனிகளுக்கு ஆர்டர் அனுப்பிவிடும். வந்த கோரிக்கையில் அவள் கைவைக்க முடியாது. திருத்துவதானால் கேட்டவர்தான் திருத்த வேண்டும்.

அன்று பிற்பகல், மருத்துவமனை கேட்ட மெத்தைகள் விடுதி மெத்தைகளோடு கூட்டுச் சேர்ந்து நின்றன. எல்லாம் ஆறடி. கேட்டது மருத்துவமனை ஸ்டோர், அதாவது இளையவள். சண்டைக்கு முன்னால் வெங்காயம் நறுக்கியபடி, புதிதாகத் திறக்கப்போகும் குழந்தைகள் வார்டைப் பற்றி அவள் அளந்த கதையெல்லாம் மூத்தவளுக்கு நினைவிருந்தது. அங்கே எல்லாமே குட்டிக் கட்டில். இந்த ஆர்டர் போனால் திறப்பு நாளன்று இளையவளின் மானம் கப்பலேறும்.

ஏறட்டும் என்று டீ குடிக்கப் போனாள். டீ இறங்கவில்லை. அங்கே வந்து படுக்கப்போகும் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? வீறாப்பை விழுங்கிவிட்டுப் போனை எடுத்தாள்.

"குட்டிக் கட்டிலுக்கு எதுக்குடி ஆறடி மெத்தை?"

அளவைக் குறிப்பில் தெளிவாக எழுதியிருப்பதாக இளையவள் சாதித்தாள். அப்படி ஒரு குறிப்பே தன் திரையில் இல்லை என்று மூத்தவள் சாதித்தாள். கொஞ்சம் மல்லுக்கட்டிய பிறகுதான் இருவருக்கும் புரிந்தது. அங்கிருந்து பொருளும் எண்ணிக்கையும் மட்டும்தான் வருகின்றன. குறிப்பு வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அளவு தெரியாத மெத்தைக்கு மென்பொருள் ஆறடி என்று தானே போட்டுக்கொள்கிறது. இளையவள் பழைய கோரிக்கையைத் திரும்பப் பெற்று, குழந்தை மெத்தைக்கென்று இருந்த தனிக் குறியீட்டு எண்ணில் மறுபடி அனுப்பினாள். அது திரையில் தனியாக வந்து உட்கார்ந்த பிறகுதான் மூத்தவளுக்கு உயிர் வந்தது.

ஆனாலும் போனை வைக்க இருவருக்கும் மனமில்லை.

"அன்னைக்கு வார்டு வேலை முடியலக்கா," என்றாள் இளையவள். "கோச்சுக்காதீங்க, ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்னு அவர்கிட்ட சொல்லி அனுப்பினேனே. நீங்கதான் பதிலே சொல்லல."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கொழுந்தன் சொன்னது மூத்தவளின் நினைவுக்கு வந்தது. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"உன் புருஷன் வழியாவும் குறிப்பு வராதுடி," என்றாள். "இனிமே எதுன்னாலும் நேரா என்கிட்ட சொல்லு."