உள்ளே யாருமில்லை

ஒருவன் தொட்டிக்குள் இறங்கி, வேலையை முடித்து, ஏறி வர எவ்வளவு நேரமாகும்? பசைத் தொழிற்சாலையின் மூன்றாம் தொட்டி தரைக்குள் பதித்தது, இரண்டு ஆள் ஆழம். சுவரில் காய்ந்து ஒட்டிய பசையைச் சுரண்டி எடுக்க எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஆனால் மாடி அறையில் கணினி முன் உட்கார்ந்திருந்த தங்கையிடம் பதிவேடு வேறு கதை சொன்னது. அண்ணன் உள்ளே இறங்கியது இரண்டு மணி, பத்து நிமிடம், நான்கு நொடி. வெளியே வந்தது இரண்டு மணி, பத்து நிமிடம், ஐந்து நொடி.

ஒரே நொடியில் இறங்கி ஏற அவன் என்ன குரங்கா? குரங்குக்கே மூச்சு வாங்குமே!

அந்தச் செயலியை எழுதியவள் அவள்தான். தொட்டி வாசலில் ஒரு கைபேசியைச் சுவரோடு பொருத்தியிருந்தார்கள். இறங்குகிறவர் தன் அட்டையை அதன் கேமராவிடம் காட்டினால் 'டிங்' என்று ஒலிக்கும், கணக்கில் ஓர் ஆள் கூடும். ஏறி வந்து மறுபடி காட்டினால் ஓர் ஆள் குறையும். கணக்கு பூஜ்யமானால் கட்டுப்பாட்டு அறையில் திரை பச்சையாகும். பச்சை வந்தால் கலக்கியை ஓட விடலாம். கலக்கி என்பது தொட்டிக்குள் சுழலும் மூன்று இரும்பு இறக்கைகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். முன்பெல்லாம் வாசலில் ஒருவர் காவலுக்கு நிற்பார். செயலி இருக்கும்போது ஆள் எதற்கு என்று மேலாளர் அவரை மூட்டை ஏற்ற அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அட்டையின் கோடுகளைப் படிக்கிற ஸ்கேனர் லைப்ரரி என்னும் ஆயத்த நிரல் மட்டும் அவள் எழுதியதல்ல, வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்தது. அதன் பழைய பதிப்பு புதுக் கைபேசிகளில் ஓடாது என்று அறிவிப்பு வர, போன வாரம் புதிய பதிப்புக்கு மாற்றினாள். மாற்றியதும் பதினேழு பிழைகள் சிவப்பாக வரிசைகட்டி நின்றன. இரண்டு நாள் மல்லுக்கட்டி எல்லாவற்றையும் தீர்த்தாள். தன் அட்டையை நாற்பது தடவை காட்டிப் பார்த்தாள், நாற்பதும் சரி. மாற்றங்களைச் சொல்லும் குறிப்பு நான்கு பக்கம். மூன்றைப் படித்தாள். நான்காவதற்கு வரும்போது பசி வந்துவிட்டது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்தவள், இன்று காலை செயலியை வாசல் கைபேசியில் ஏற்றியும் விட்டாள்.

இப்போது திறந்தாள். நான்காம் பக்கத்தில், இரண்டாவது வரி: படித்து முடித்ததும் கேமரா இனி தானாக நிற்காது, நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

அட்டையைக் காட்டியதும் வெடுக்கென்று எடுத்துவிடுவது அவள் பழக்கம். அண்ணன் அப்படியல்ல. அவனுடைய கையுறை தடிமன், தங்கையைப் பற்றிய பெருமை அதைவிடத் தடிமன். "இது என் தங்கச்சி பண்ணினது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு, அட்டையைக் கேமராவுக்கு நேராக நிமிர்த்தி, ஆற அமரக் காட்டுவான். கேமரா அதை ஒரு முறை படித்து உள்ளே அனுப்பியது. நிற்காமல் மறுமுறையும் படித்து வெளியே அனுப்பியது. அவன் மட்டும் இறங்கிப் போய்விட்டான்.

மணி மூன்று இருபத்தேழு. கலக்கியை ஓட்டுகிறவருக்குக் 'கடிகாரம்' என்றே பெயர். மூன்றரைக்கு ஓட வேண்டும் என்றால் மூன்றரைக்கு ஓடும், முன்னே பின்னே ஆகாது. அவர் அறைக்குப் போன் போட்டாள். வேறு அழைப்பில் இருக்கும் பீப் சத்தம்தான் கேட்டது. மறுபடி போட்டாள். அதே சத்தம். அண்ணனைக் கூப்பிடவும் வழியில்லை, தொட்டிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. நாற்காலி கவிழ எழுந்து ஓடினாள்.

படிக்கட்டு எப்படிப் போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. பீப்பாய்களுக்கு நடுவே ஓடி, இடுப்பை எதிலோ இடித்துக்கொண்டு, மூன்றாம் தொட்டி வாசலுக்கு வந்தாள். கைபேசித் திரை பச்சையாக இருந்தது. உள்ளே: 0.

அதற்குக் கீழே, தரையில், ஒரு ஜோடி செருப்பு. ரப்பர் பூட்ஸ் மாட்டுகிறவன் கழற்றி விட்டுப்போனது. இடது வார் அறுந்து நீல ஒயரால் கட்டியிருந்தது. "தூக்கிப் போடுண்ணா, மானம் போகுது" என்று போன வாரம்தான் அவள் சண்டை போட்டிருந்தாள்.

சைரன் ஊதத் தொடங்கியது. முப்பது நொடி ஊதும், பிறகு கலக்கி சுற்றும்.

"அண்ணா!" திறப்பில் தலையை விட்டுக் கத்தினாள். கீழே இருட்டில் ஒரு விளக்கு அசைந்தது. கரக், கரக் என்று சுரண்டுகிற சத்தம். காதில் பஞ்சடைப்பான் வைத்திருப்பவனுக்கு சைரனும் கேட்கவில்லை, தங்கையும் கேட்கவில்லை. ஒரு கணம் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணியிடம் என்ன சொல்வேன் என்ற நினைப்பு மட்டும் ஓடியது. நிறுத்தும் பொத்தான் தொட்டிக்கு அந்தப் பக்கத் தூணில் இருந்தது. சுற்றி ஓடி உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

சைரன் நின்றது. கரக், கரக் மட்டும் நிற்கவில்லை.

கடிகாரம் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "யாரும்மா நிறுத்துனது? பச்சை பாத்துத்தானே போட்டேன்?"

அவள் வாசலுக்கு வந்து செருப்பைத் தூக்கிக் காட்டினாள். அவர் செருப்பைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சத்தம் வந்த திறப்பைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அமுக்கிட்டேனேம்மா... நான் அமுக்கிட்டேனே..."

மேலே நிழலாடியதைக் கண்டு ஏறி வந்த அண்ணனின் தலை திறப்பில் முளைத்தது. ஒரு காதிலிருந்து அடைப்பானை எடுத்தான். "என்ன இங்க கூட்டம்? இன்னும் கால் மணி நேர வேலை இருக்கு."

"வெளிய வாண்ணா."

"என்னாச்சு? பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"நீ வெளிய வா!"

வந்தான். வந்தவன் பழக்க தோஷத்தில் அட்டையை எடுத்து நிமிர்த்தினான். அவள் தடுப்பதற்குள், அவள் போட்ட கூச்சலில் பயந்தோ என்னவோ, இந்தத் தடவை சட்டென்று காட்டி எடுத்துவிட்டான். டிங். திரை சிவப்பானது. உள்ளே: 1.

மூன்று பேரும் திரும்பித் தொட்டிக்குள் பார்த்தார்கள். யாருமில்லை என்று தெரிந்தும் பார்த்தார்கள்.

"எறங்கும்போது ரெண்டு டிங் வந்துச்சு," என்றான் அண்ணன் மெதுவாக. "நல்லா வாங்கிக்கிச்சு போலன்னு நெனச்சேன்."

"அது என் தப்புண்ணா. ஒரு பக்கம் படிக்காம விட்டுட்டேன். உன்னக் கொன்னிருப்பேன்."

"சரி விடும்மா, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்றார் கடிகாரம்.

அண்ணன் தொட்டிக்குள் இருந்த இறக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இதுவரை அவள் பார்த்திராத ஒரு வெளுப்பு. பிறகு கையை நீட்டினான்.

"செருப்பக் குடு."

அப்போதுதான் தெரிந்தது, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று. குனிந்து அவன் காலடியில் வைத்தாள். அவன் ஒரு பூட்ஸைக் கழற்றி நீல ஒயர் செருப்புக்குள் காலை நுழைத்தான். அடுத்ததைக் கழற்றினான். இரண்டு காலும் செருப்புக்குள் போகிறவரை எண்ணிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.