இரண்டாவது பெட்டிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூசையன்று காலை ஒன்பதே முக்காலுக்கு, ராமையாவின் டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். ராமையா சற்று நேரம் மரியாதையாகக் காத்திருந்தார். அவள் மூடுவதாக இல்லை.

"ரூபினி! இந்தப் புள்ள பேச மாட்டேங்குதுலா!"

தலையில் துண்டோடு குளியலறையிலிருந்து வந்த மகள் டிவியைப் பார்த்தாள், கைப்பேசியைப் பார்த்தாள். வைஃபை பட்டியலில் அவள் பெயரிட்டு வைத்திருந்த 'பின்வீடு' காணோம். அந்த இடத்தில் எழுத்தும் எண்ணுமாக, தொழிற்சாலைக்காரன் இட்ட ஏதோ ஒரு பெயர் இருந்தது. அடுத்து கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்து மணிக்குப் பிரேமினி வருவாள். வருவாள் என்றால் திரையில். கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் ரூபினிக்கு மேலாளர். மூன்று மாதச் சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. ரூபினி வாடிக்கையாளர்களோடு பேசுவதை இன்று ஒரு மணி நேரம் கூடவே இருந்து கேட்பாள். வேலை உறுதி, அதை எங்கே உட்கார்ந்து செய்வது என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே இரண்டு தடவை பாதிப் பேச்சில் லைன் அறுந்திருந்தது. மூன்றாவது தடவை அறுந்தால் திங்கட்கிழமை கோலாலம்பூரில் மேசை தயாராக இருக்கும் என்று பிரேமினி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

ரூபினி போய்விட்டால் வீட்டில் ராமையா மட்டும்தான். அம்மா தேவகி போய் இரண்டு வருஷம். ராமையாவுக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது, அளவுதான் தெரியாது. நாற்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்துப் பழகியவர், நாற்பது பேருக்கு வடித்துவிடுவார்.

சுங்கைப் பட்டாணியில் அவர்களுடையது தாமான் வீடு, குடியிருப்பில் வரிசையாக ஒட்டிக் கட்டியது. ஹாலில் டிவிக்குக் கீழே, லைன் கம்பெனி ஆள் மாட்டிவிட்டுப் போன ரவுட்டர் இருந்தது. ரூபினியின் அறை சமையலறைக்குப் பின்னால், பிற்பாடு இழுத்துக் கட்டியது. தகரக் கூரை, கனத்த சுவர். ஹாலிலிருந்து கிளம்பும் வைஃபை சமையலறை வரை வந்து, ரசத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். கைப்பேசி லைனும் அங்கே நொண்டும். ஹாலிலேயே உட்காரலாம் என்றால், கதவு அடைத்த அறையாக, அதுவும் கேமராவில் பார்த்து ஒப்புக்கொண்ட அறையாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் சட்டம். ஆகவே போன வாரம் ரூபினி இன்னொரு குட்டி ரவுட்டர் வாங்கினாள். ஹால் பெட்டியிலிருந்து இருபது மீட்டர் நீலக் கேபிளை நிலைப்படி மாவிலைத் தோரணத்தை ஒட்டியே ஓட்டிக்கொண்டுபோய் அதில் சொருகினாள். கேபிள் சுமந்து வரும். குட்டிப் பெட்டி அதைப் பின்னறைக்குள் வைஃபையாகப் பரப்பும்.

அன்றைக்கே ராமையா கேட்டார்: "ரெண்டும் ரவுட்டர்னா, யாரு பெருசு?"

"ஹால் பொட்டிதான்பா. டிவி, போன், லெப்டாப் எல்லாத்துக்கும் அதுதான் ஆளுக்கொரு நம்பர் குடுக்கும். இதுவும் குடுக்கும், ஆனா நான் நிறுத்திட்டேன். கொண்டு போய்ச் சேக்கிறது மட்டும்தான் இதுக்கு வேலை."

ராமையாவுக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை. செர்டாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் மண்டோர், அதாவது மேஸ்திரி. விடியுமுன் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்துவிட்டவர்.

"அதான் சரி. ஒரு பெரட்டுல ரெண்டு மண்டோர் நின்னா ஒரே நிரைக்கு ரெண்டு பேரு போய் நிப்பான். சண்டைதான்லா." பிறகு யோசித்துவிட்டு, "அதுக்குக் கஷ்டமா இருக்காதா?" என்றார்.

"எதுக்கு?"

"மண்டோரா வந்துட்டு, நிரை பிரிக்காம சும்மா இருக்கிறதுக்கு."

அவர் ஓய்வுபெற்று நான்கு வருஷம் ஆகியிருந்தது.

இப்போது ரூபினி பின்னறைக்கு ஓடினாள். அலமாரி மேல் குட்டிப் பெட்டி வயிற்றைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. வயிற்றில் சந்தனம், அதன் மேல் குங்குமம். தலையில் ஒரு செவ்வந்தி. கேபிள் சொருகும் பக்கம் மேலே பார்த்திருக்க, அங்கிருந்த ஒரு சின்ன ஓட்டையிலிருந்து ஊதுபத்தி ஒன்று செங்குத்தாகப் புகைந்துகொண்டிருந்தது.

"அப்பா..."

"ஓஃப் பண்ணக் கூடாதுன்னு நீ சொன்னே, நான் பண்ணல. இன்னைக்கு எல்லாச் சாமானுக்கும் லீவு. இதுக்கு மட்டும் லீவு இல்ல, பொட்டாச்சும் வைக்க வேணாமா?"

"பத்திய எதுக்கு இதுக்குள்ள குத்துனிங்க?"

"ஓட்டை இருந்திச்சே. சரியா பத்திக் குச்சி அளவு. வேற எதுக்கு வப்பான்?" ராமையா குரலைத் தாழ்த்தினார். "குத்துனப்ப உள்ள டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டிச்சு. சாமி ஏத்துக்கிச்சுன்னு நெனச்சேன்."

ரூபினி ஊதுபத்தியைப் பிடுங்கினாள். பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் மறக்கடிக்கும் பொத்தான் அதற்குள்ளேதான் இருந்தது. பத்து விநாடி அழுத்தினால் போதும். ராமையா பத்து நிமிஷமாக அழுத்திக்கொண்டிருந்தார்.

"இது மறுபடி மண்டோர் ஆயிருச்சுப்பா. கேபிள் வழியா ஹாலுக்கும் நம்பர் குடுக்குது. ரெண்டு பேரும் நான்தான் ஒண்ணாம் நம்பர்ங்கிறான். அதான் உங்க டிவி முழிக்குது."

ராமையா பெட்டியை முறைத்தார். கடமை தவறிய ஆளைப் பார்க்கும் பழைய முறைப்பு.

ஒன்பது ஐம்பத்தொன்று. சண்டை ஹாலுக்குப் போகாமலிருக்க முதலில் நீலக் கேபிளைக் கழற்றினாள். பெட்டிக்குள் நுழைய இனி அதன் பிறவிக் கடவுச்சொல் வேண்டும். அது வயிற்றில் ஒட்டிய தாளில் இருந்தது. தாளில் ராமையாவின் சந்தனம் இருந்தது.

"எழுத்து இருக்கிற பக்கம்தானே முகம்," என்றார் அவர், யாரும் கேட்காமலே.

"தொடைக்கணும்பா."

"பொட்டையா? நல்ல நாளும் அதுவுமா?"

அவள் கை நின்றது. அம்மாவைக்கூட அவர் பொட்டோடுதான் அனுப்பிவைத்தார். வைத்த பொட்டை அந்தக் கை அழித்ததாக அவளுக்கு நினைவில்லை. ஒன்பது ஐம்பத்துமூன்று. மறுபடி கேட்கவும் முடியவில்லை, கேட்காமலிருக்கவும் முடியவில்லை.

ராமையா தோள் துண்டை எடுத்து, முனையை நாக்கில் நனைத்து, கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து துடைத்தார். தாளை ஜன்னல் பக்கம் சாய்த்தார். பிறகு நான்கு வருஷமாக அந்த வீடு கேட்காத பெரட்டுக் குரல், பூஜ்யத்துக்குத் தோட்டத்துக் 'கோசோங்' உட்பட, எழும்பியது.

"நாலு! ஒம்போது! கோசோங்! ரெண்டு! ஏழு! ஏழு! எழுதுனியா? கோசோங்! மூணு!"

அடுத்த வீட்டு நாய் எழுந்து நின்றது. ரூபினி உள்ளே நுழைந்தாள். பெட்டியின் சொந்த எண்ணை ஒன்றிலிருந்து இரண்டாக மாற்றினாள். நம்பர் கொடுக்கும் வேலையை நிறுத்தினாள். பழைய பெயரை வைத்து, கேபிளைச் சொருகினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அடங்கி, பச்சையில் நின்றன. ஒன்பது ஐம்பத்தெட்டு.

"போங்கப்பா, கதவ சாத்துங்க."

ஒரு மணி நேரம் லைன் அறுபடவில்லை. வாடிக்கையாளர்கள் திட்டினார்கள், திட்டு ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் தெளிவாக வந்தது. ரூபினிக்கு ஆனந்தமாக இருந்தது.

கடைசியில் பிரேமினி திரையில் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தாள். "உங்கட அறைக்குள்ள என்ன புகை?"

"ஆயுத பூசை மிஸ்."

"கம்ப்யூட்டருக்கோ?" பிரேமினி சிரித்தாள். "லைன் நல்லா நிண்டது. நீங்கள் அங்கேயே இருங்கோ."

ரூபினி கதவைத் திறந்தாள். ராமையா அணைந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். லைனெல்லாம் அவளுக்கே போகட்டும் என்று நிறுத்திவைத்தாராம்.

"இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்கப்பா."

"ம்ம்." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். குங்குமம் கன்னத்தில் அப்பிக்கொண்டது.

அப்போதுதான் அவள் சாமி மேடைப் பக்கம் பார்த்தாள். காலையில் ஓடிய ஓட்டத்தில் கண்ணில் படவில்லை. பாராங் கத்தி, மோட்டார் சைக்கிள் சாவி, அம்மாவின் தையல் கத்தரிக்கோல். வரிசைக் கடைசியில், பரண் மேல் கிடந்த அவளுடைய நீலப் பயணப் பெட்டி. தூசி துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு, கைப்பிடிக்குக் கீழே அளவாக ஒரு பொட்டு.

"இத எதுக்குப்பா இறக்குனிங்க?"

"வெளியூரு போறவங்களுக்கு அதானே சாமான்."

"நான் போகணும்னா கும்பிட்டிங்க?"

"நான் எங்க சொன்னேன்?" ராமையா டிவி ரிமோட்டைத் தேடினார். "அந்தப் பொட்டிக்கும் வச்சேன், இந்தப் பொட்டிக்கும் வச்சேன். எது ஓடுதோ ஓடட்டும். நிரை பிரிக்கிற வேலைலருந்துதான் என்னைய அனுப்பிட்டாங்களே."

ரூபினி பின்னறைக்குப் போய், அந்தச் சின்ன ஓட்டையின் மேல் கறுப்பு டேப் ஒட்டினாள். பிறகு சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அப்பா முன்னால் நீட்டினாள்.

"டேப் மேல வைங்க. தாள்ல வேணாம்."

ராமையா எழுந்து போய், குட்டிப் பெட்டிக்கு மறுபடி பொட்டு வைத்தார். சாமி மேடையிலிருந்த நீலப் பெட்டியின் பொட்டை இருவரும் அப்படியே விட்டுவிட்டார்கள்.