பதின்மூன்றாவது பன்

பேக்கரியில் என் பட்டப்பெயர் 'அகராதி'. என் படிப்பை மெச்சித்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

பெட்டிக்கு ஒரு டஜன் பன் நான் எண்ணி வைப்பேன். பக்கத்தில் நிற்கும் என் அண்ணி மூடி ஒட்டுவார். ஒருநாள் ஒரு கடைக்காரர், பெட்டியில் பதின்மூன்று இருக்கிறதே என்று போன் செய்தார். முதலாளி விசாரிக்க வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. லத்தீனில் 'இரண்டும் பத்தும்' என்று சொன்னதுதான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து டஜன் ஆனது, அந்தக் காலத்து ரொட்டிக்காரர்கள் குறைந்தால் தண்டனை என்று பயந்து பதின்மூன்றாகக் கொடுத்தார்களாம் என்று அளந்துவிட்டேன். "நமக்கென்ன பயம் சார்? நான் எண்ணினா பன்னெண்டுதான்."

அண்ணி ஒட்டிய பெட்டிகளைப் பிரித்தேன். நான்கில் பதின்மூன்று. கூடுதலாக இருந்த பன் ஒவ்வொன்றும் கோணல். கோணல் பன்னை விற்க மாட்டார்கள். சாயங்காலம் ஆளுக்கு ஒரு டஜன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தனக்கு வேண்டிய கடைகளுக்கு அண்ணி அதைத் தள்ளிவிடுகிறார் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அண்ணி அடுத்த பெட்டிக்கு மூடி ஒட்டிக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டார் முதலாளி.

மறுநாள் நானே எண்ணி நானே ஒட்டினேன். மதியத்துக்குள் ஐந்து பெட்டிகள் திரும்பி வந்தன. ஐந்திலும் பதினொன்று.

சாயங்காலம் கூனிக்குறுகி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் மகள் ஓடிவந்து என் பையைத் துழாவினாள். "அம்மா பன்னே கொண்டு வர்றதில்ல சித்தப்பா" என்றாள்.

அண்ணி காய் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னார்: "பேசிக்கிட்டே எண்ணினா நீங்க ஒன்னு விட்டுடுவீங்க தம்பி. திரும்ப எண்ண நேரம் ஏது? நீங்க பேசிக்கிட்டே அடுக்குற பெட்டியில என் பங்குலேர்ந்து ஒன்னு போட்டுடுவேன். நீங்க சரியா எண்ணியிருந்தா அது பதிமூணாயிடும்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொன்னா உங்க வேலை போயிருக்கும். உங்களுக்குப் பயமில்ல. எனக்கு இருந்துச்சு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. காலையில் அதே மேசை முன்னால், அதே ஆட்கள் பார்க்க நின்று, எண்ணத் தெரியாதவன் நான்தான் என்று முதலாளியிடம் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

இப்போது அண்ணி எண்ணுகிறார், நான் ஒட்டுகிறேன். சாயங்காலம் என் பங்கு பன்னையும் அவர் பையில் வைத்துவிடுகிறேன். அவர் எப்போதும்போல "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.