பொன்மணியின் பாதையில் நான் போட்ட முள்

1

இந்தக் கதை எனக்குக் கட்டுரையாகத்தான் வந்தது. பாலைவனத்தில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பஞ்சர் ஆகாமல் தப்பிப்பது எப்படி என்று எழுதித் தரச் சொன்னார் ஒரு பத்திரிகை ஆசிரியர். பாலைவனத்தைக் கண்டேனா, மலைச் சைக்கிளைத்தான் கண்டேனா! நான் கண்டதெல்லாம் சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டத்துச் சீமைக்கருவேலங்காடு. அங்கே நடந்தால் செருப்பே பஞ்சராகும். எங்கே குத்தினாலும் முள் முள்தானே என்று எழுத உட்கார்ந்தேன்.

"மணலின் மேல் வெயில் தங்கத்தை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த அந்த..."

சீ! வேண்டாம். ஆனால் கோடு போட்டு அடிக்கவும் மாட்டேன், கிடக்கட்டும். (இந்தக் கதையில் எழுதிய எதையும் அடிப்பதில்லை என்று ஒரு வைராக்கியம். இதனால் பின்னால் வம்பு வரப்போகிறது.)

2

2004, தீபாவளி சீசன். பொன்மணி பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறாள். வீட்டில் கைக்குழந்தை, நாத்தனார் செல்லக்கனி பார்த்துக்கொள்கிறாள். வெடிமருந்து இருக்கிற இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. அதனால் மதியம் சோற்று நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் பறந்து, பால் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். ரோட்டைச் சுற்றிப் போனால் அதற்குள் திரும்ப வேலைக்குச் சங்கு ஊதிவிடும். காட்டுக்குள் போனால் முள். அந்த வாரம் அவள் சைக்கிளை ஓட்டியதைவிட உருட்டியதுதான் அதிகம்.

3

கணவன் பாண்டிராஜ் சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். (முதலில் அவனைக் குடிகாரனாக்க நினைத்தேன். கதையில் வருகிற புருஷனெல்லாம் குடித்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? விட்டுவிட்டேன்.)

அச்சு மெஷின் உருளையைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். உள்ளே துணி அடுக்கு வைத்த தடித்த சாமான். தேய்ந்ததும் மூலையில் போட்டுவிடுவார்கள். பாண்டிராஜ் அதைக் கேட்டு வாங்கி, நாடாவாக வெட்டி, டயருக்கும் டியூப்புக்கும் நடுவே சுற்றி வைத்தான்.

"இனி முள்ளு என்ன, கடப்பாரையே வந்தாலும் எறங்காது பாரு."

மறுநாள் மதியம் பாதி வழியில் டயர் உட்கார்ந்துவிட்டது.

4

பிந்தி வந்தவளை ஃபோர்மேன் மொக்கைச்சாமி வாசலிலேயே நிறுத்தினார்.

"இந்தா பொன்மணி, ஆர்டர் மலையாக் கெடக்கு. புட்டிப்பாலக் குடுக்க வேண்டியதுதான? நாளைக்கும் பிந்துனா வீட்டுலயே இருந்துக்க."

வேலையும் வேண்டும், பிள்ளை தன் பாலைக் குடிக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றை விடச் சொல்ல இவர் யார் என்று பொன்மணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் அவளே டயரைக் கழற்றினாள். நாடாவில் முள்முனைகள் முறிந்து நின்றன. ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. ஓட்டை இருந்தது, நாடாவின் ஒரு முனை மறுமுனைமேல் ஏறிய இடத்தில்.

"ஏங்க, இங்கன வாங்க. முள்ளு குத்தல. ஒங்க ரப்பருதான் டியூப்ப அறுத்திருக்கு."

பாண்டிராஜ் தடவிப் பார்த்தான். காலண்டர் வெட்டிப் பழகிய கை! மூலை பிசகாமல், விளிம்பு கத்தி மாதிரி நிற்க வெட்டியிருந்தான்.

"நல்லா நேராத்தான வெட்டுனேன்..."

"அம்புட்டு நேரா யாரு வெட்டச் சொன்னா? காலண்டரா அடிக்கப் போறீக?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் ஆளுக்கொரு முனையாகக் கல்லில் தேய்த்து மெலிய வைத்தார்கள். பிறகு டியூப் உரசாமல் இருக்கப் பவுடர் டப்பாவை எடுத்து டயருக்குள் தட்டினாள் பொன்மணி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற செல்லக்கனிக்குப் பொறுக்கவில்லை.

"ஏ மதினி, பிள்ளைக்கு வாங்குன பவுடரையா டயருக்குப் போடுறீக?"

"பிள்ளைக்குத்தான்டி போடுறேன்."

5

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

அ) மொக்கைச்சாமி மனம் திருந்தி, கம்பெனிக்கு வெளியே தொட்டில் கட்டித் தருகிறார். (எனக்கே நம்பிக்கை இல்லை.)

ஆ) "ஆகவே வாசகர்களே, டயரில் காற்றை எப்போதும்..." (இது அந்தக் கட்டுரையின் முடிவு. ஆசிரியர் மன்னிப்பாராக.)

இ) கதையென்றால் கடைசியில் ஒரு சோதனை வேண்டுமே என்று, ஒற்றைப் பனையைத் தாண்டிய திருப்பத்தில் ஒரு முள்ளைப் போட்டேன். விரல் நீளம். எந்த நாடாவும் தாங்காத முள் என்றும் எழுதித் தொலைத்துவிட்டேன்.

6

சோற்று நேரச் சங்கு ஊதியாயிற்று. பொன்மணி வருகிறாள். வழியெல்லாம் முள் குத்துகிறது, நாடா தாங்குகிறது. இன்றைக்குப் பிள்ளைக்கும் கொடுத்துவிடுவேன், நேரத்துக்குத் திரும்பியும் விடுவேன் என்று அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. எனக்கும்தான். பனை தெரிகிறது.

இப்போது அந்த முள்ளை ஏன் போட்டோம் என்றிருக்கிறது. எடுத்துவிடலாம்தான், ஆனால் அடிக்க மாட்டேன் என்று வீம்பு பேசியவன் நான். நீங்கள் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே. இவ்வளவு தூரம் கூடவே வந்து, திருப்பத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். கொஞ்சம் குனிந்தால் போதும். சைக்கிள் மணி கேட்கிறது பாருங்கள்.

"வழியில யாரு, ஒதுங்குங்க! பிள்ள பசியில கெடக்கு!"