சீனியம்மாளின் சாட்சி

தன் குழந்தையின் காதுகுத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது சுப்ரியா கலூரிலிருந்து பஸ் ஏறி மட்டாஞ்சேரியில் அம்மா வீட்டுக்கு வந்தாள். குழந்தையைக் கூட்டி வரவில்லை. பேச்சு எந்தப் பக்கம் போகும் என்பது சீனியம்மாளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சுக்குக் கிடங்கில் வேலை முடிந்து அவள் அப்போதுதான் வந்திருந்தாள். முழங்கை வரை அப்பியிருந்த சுக்குத் தூசியைக் கழுவிவிட்டு மகளுக்குச் சாயா போட்டாள். சுப்ரியா டம்ளரைத் தொடவில்லை.

"அத்தை ஒரு காரியம் சொல்லி விட்டாங்கம்மா. வாசல்ல வர்றவங்களுக்கெல்லாம் திருநீறு பூசுவாங்க. நீயும் பூசிக்கணும். சாமிக்குப் படைச்ச பொங்கல்ல ஒரு வாய் சாப்பிடணும். அவ்வளவுதான்."

"நான் ஒரு ஓரமா உக்காந்து பிள்ளையப் பாத்துட்டு வந்துருதேன். பூசலைன்னா என்னடி?"

"எங்க சாமி வேண்டாம், எங்க வீட்டுப் பேத்தி மட்டும் வேணுமான்னு கேக்கறாங்க. நான் எந்தா பறயேண்டது, என்ன சொல்றது?" கோபம் வந்தால் சுப்ரியாவுக்கு மலையாளம்தான் முந்தும்.

முத்துவேல் கதவில் சாய்ந்து நின்றிருந்தான். சீனியம்மாளின் மகன், வைட்டிலாவில் ஒரு ஓட்டலில் வேலை. தாய்மாமன் என்று அவன் மடியில் வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்தப் போகிறார்கள்.

"ஒரு நாள் மட்டும் மதிம்மா, போதும். வீட்டுக்கு வந்ததும் கழுவிக்கோ. உன் இயேசு நெத்தியவா பாத்துட்டு இருக்கார்?"

திருநீற்றின் மேல் சீனியம்மாளுக்குக் கோபம் இல்லை. நாற்பது வருஷம் பக்தியோடு பூசியவள்தான். ஆனால் அந்த நாற்பது வருஷமும் அடுத்தவர்கள் கேட்க விரும்பியதையே சொல்லிச் சொல்லி அவள் வாய் பழகியிருந்தது. குடித்துவிட்டு அடித்த புருஷனை அம்மா வீட்டில் தங்கமான மனுஷன் என்றாள். உடைந்த கையைக் காட்டி, வழுக்கி விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னாள். புருஷன் இறந்து ஒரு வருஷம் கழித்து, ஞானஸ்நானத்துக்காகக் காயலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது, "விசுவாசிக்கிறீங்களா?" என்று பாஸ்டர் கேட்டார். "விசுவாசிக்கிறேன்" என்றாள். யாரும் நெருக்காமல் அவளாகச் சொன்ன ஒரே சொல் அது. அதற்கு இப்போது நான்கு வருஷம். இன்றைக்கு ஊருக்காகப் பூசிக்கொண்டால் அந்தச் சொல்லும் மற்றப் பொய்களோடு போய்ச் சேர்ந்துவிடும் என்று பட்டது. இதையெல்லாம் பிள்ளைகளிடம் கோவையாகச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"எனக்கு நடிக்க முடியலைடி" என்றாள்.

"அப்போ வராதே." சுப்ரியா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணா, நீ மட்டும் வா."

மறுநாள் கிடங்கில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. கூட வேலை பார்க்கும் பாக்கியலக்ஷ்மி சீனியம்மாளின் ஊர்க்காரி. ஒரு காலத்தில் இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து தின்றவர்கள். "அல்லேலூயா வர்றாங்க, தள்ளி உக்காருங்கடி" என்று அவள்தான் முதலில் சொன்னாள். முறத்தோடு பெண்கள் நகர்ந்தார்கள். நான்கு வருஷமாகக் கேட்கும் பேச்சுதான். ஆனாலும் அன்றைக்குச் சீனியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

வராதே என்று சொல்லியும் காதுகுத்துக்கு அவள் போனாள். பேத்தி அழுவாளே என்ற நினைப்பு வீட்டில் இருக்கவிடவில்லை. சின்னதாக ஒரு பட்டுப்பாவாடை எடுத்து வைத்திருந்தாள். அதைப் பையில் போட்டுக்கொண்டு, கலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வாசலில் தட்டோடு நின்றவள் சுப்ரியாவின் மாமியார் விசாலாக்ஷி. கெட்ட மனுஷி இல்லை. சுப்ரியாவுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது இரண்டு மாதம் பத்தியச் சோறு பொங்கிப் போட்டவள். சீனியம்மாளைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. மனசு மாறித்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள் போல.

"வாங்க சம்பந்தி, வாங்க!" என்று விரலில் திருநீற்றை அள்ளி நெற்றிப் பக்கம் கொண்டுவந்தாள்.

சீனியம்மாள் கைகூப்பியபடி ஒரு எட்டுப் பின்வாங்கினாள். "மன்னிச்சுக்கிடுங்க சம்பந்தி. பிள்ளைய ஒரு தடவை பாத்துட்டுப் போயிருதேன்."

விசாலாக்ஷியின் கை நீட்டியபடியே நின்றது. நாற்காலி வரிசையிலிருந்து எவனோ "அல்லேலூயா!" என்று கூவினான். சிரிப்பு கிளம்பியது. இன்னொருவன் ஜெபக்கூட்டத்தில் தட்டுவது போலக் கையைத் தட்டினான். ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

விசாலாக்ஷி சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. "எங்க குலசாமிய எங்க வாசல்லயே வச்சுத் தள்ளி விட்டுட்டீங்களே" என்றாள்.

தன்னைப் பார்த்துச் சிரித்ததைவிட இதுதான் சீனியம்மாளை அறுத்தது. இல்லை, அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கண் மண்டபத்துக்குள் போய்விட்டது.

உள்ளே மாலை போட்டு முத்துவேல் உட்கார்ந்திருந்தான். மடியில் மொட்டைத் தலையோடு குழந்தை. அம்மாவைப் பார்த்தவன் தலையைக் குனிந்துகொண்டான். சுப்ரியா வேகமாக வந்து, "போம்மா. இன்னும் நாணம் கெடுத்தாதே, மானம் போகுது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நீட்டிய பையை வாங்கவில்லை.

சீனியம்மாள் வெளியே வந்து சுவரோரம் நின்றாள். முதலில் ஒரு அலறல். கொஞ்சம் கழித்து இன்னொன்று. குழந்தையின் அழுகை அடங்கும் வரை நின்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். பஸ்ஸில் கண்ணை மூடி ஜெபித்தாள். எந்தத் துக்கத்திலும் ஜெபித்து முடித்தால் நெஞ்சு கொஞ்சம் இளகும். அன்று இளகவில்லை. தோப்பும்படி ஸ்டாப் வந்ததும் கண்ணைத் திறந்துவிட்டாள்.

அந்த வாரமே முத்துவேல் துணிகளை மடித்துப் பையில் வைத்தான். "வைட்டிலாவுலயே ஒரு ரூம் கிடைச்சிருக்கு. கூட வேலை பாக்கறவங்க எல்லாரும் அந்த வீடியோவைப் பாத்துட்டாங்கம்மா" என்றான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். நேரமாகிவிட்டது என்றான். சுப்ரியாவுக்கு எப்போது கூப்பிட்டாலும் போன் போகவில்லை. கலூர் வரை இரண்டு முறை போய்ப் பார்த்தாள். இரண்டு முறையும் பூட்டிய கதவுக்குப் பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது.

மூன்று மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்தது. ஒருத்திக்கு நோய் தீர்ந்திருந்தது. ஒருவருக்குக் காக்கநாட்டில் வேலை கிடைத்திருந்தது. பாஸ்டர் சீனியம்மாளைப் பார்த்துச் சிரித்தார். "சகோதரி, விசுவாசத்துக்காகப் பாடு பட்டீங்க. கர்த்தர் என்ன செஞ்சார், சொல்லுங்க."

அவள் எழுந்து நின்றாள்.

"மக என்கிட்டப் பேசலை. மவன் போயிட்டான். பேத்தியப் பாக்க விடலை."

"ஆனாலும் கர்த்தர்..." என்று பாஸ்டர் எடுத்துக் கொடுத்தார்.

"தெரியலை ஐயா. ஜெபம் பண்ணுதேன். பதிலா ஒண்ணும் காதுல கேக்கலை. அவர விடவும் முடியலை."

பின்னாலிருந்து யாரோ மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றார்கள். பாஸ்டர் அவசரமாக ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தார். சீனியம்மாள் உட்கார்ந்தாள். எல்லோரும் கை தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். அவளுக்குப் பாட வரவில்லை. கையை மட்டும் தட்டினாள்.

அடுத்த ஞாயிறும் அவள் போனாள். சாட்சி நேரத்தில் பாஸ்டர் அவள் இருந்த வரிசைப் பக்கம் திரும்பவில்லை.