நன்னா அழுத்தி வெச்சேன்

கராஜில் தோட்டா அழுத்தும் மெஷினின் கைப்பிடியை ஹம்சா கீழே இழுத்ததும் ஈயக் குண்டு பித்தளைக் கூட்டுக்குள் வழக்கத்தைவிட ஆழமாக, மூக்கு மட்டும் தெரியும்படி, சடக்கென்று இறங்கிப் போய்விட்டது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். காலிப்பர் அளவியை வைத்து அளந்தாள். மூன்று மில்லிமீட்டர் குட்டை. மெஷினின் தலையில் இருக்கும் திருகை யாரோ இறுக்கியிருந்தார்கள்.

ரிவால்வர் தோட்டாவில் குண்டு எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பது அழகு சம்பந்தப்பட்ட சமாசாரம் அல்ல. அதிகமாக இறங்கினால் உள்ளே வெடிமருந்துக்கு இடம் குறையும். இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். எகிறினால் ரிவால்வரே பிளந்து பிடித்திருப்பவன் விரலைக் கொண்டு போய்விடலாம். ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க நகரில் ஒரு டெலிகாம் கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதிக்கிற ஹம்சாவுக்கு இந்தப் பொல்லாத நுணுக்கம்தான் பிடித்துப்போயிருந்தது. துப்பாக்கி வாங்கியவன் அவள் கணவன் முகுந்த். அதற்குத் தோட்டா தயாரிப்பவள் அவள். இன்றுவரை அவள் கையிலிருந்து போன ஒரு தோட்டாகூடப் பிசகியதில்லை, அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு.

நேற்று பாதி வேலையில் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. மருந்து போட்ட கூடுகளின் வாயில் குண்டுகளைச் சும்மா நிறுத்திவைத்துவிட்டு, கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து டப்பாவில் அடுக்கியிருந்தது. முகுந்த்தான் அதிசயமாக ஒத்தாசை பண்ணியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். இன்று காலை அவன் அந்த டப்பாவைத்தான் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு எடுத்துப் போயிருக்கிறான்.

ஆனால் முகுந்த் அந்தத் திருகைத் தொடவே மாட்டான். சமையலறைக்கு ஓடினாள். மாமியார் ருக்மிணி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சென்னையிலிருந்து வந்து இறங்கிய நாளாக அவள் கை சும்மா இருந்ததில்லை. மசாலா டப்பாக்கள் இடம் மாறின. துணி மடிக்கும் விதம் மாறியது. வைஃபை பெட்டியைக்கூடத் துடைக்கிறேன் என்று பிடுங்கிவைத்தாள். எல்லாமே உதவி. வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல முடியாத உதவி.

“அம்மா, கராஜ்ல மெஷினைத் தொட்டேளா?”

“தொட்டேனாவா? பாதியில போட்டுட்டுப் போயிட்டே. நான்தான் முடிச்சுக் குடுத்தேன். நீ பண்றதைத் தினம் பாக்கறேனே! குண்டெல்லாம் வெளியில நீட்டிண்டு இருந்தது, விழுந்து கிழுந்து தொலைஞ்சா? மேல இருக்கற திருகை முடுக்கிட்டு நன்னா அழுத்தி வெச்சேன்.”

“ஐயோ, எத்தனை?”

“எண்ணிண்டா இருப்பா?”

முகுந்த் போனை எடுக்கவில்லை. சுடும்போது போனைக் காரிலேயே வைத்துவிடுவது அவன் வழக்கம். ஹம்சா சாவியைப் பிடுங்கிக்கொண்டு, “முகுந்த் கை போயிடும்மா” என்று மட்டும் சொன்னாள். ருக்மிணி கத்தியைப் போட்டுவிட்டு, ஈரக் கையோடு அவளுக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஃப்ரீவேயில் ஏறியதும் ருக்மிணி ஆரம்பித்தாள். “தொடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோல்லியோ?”

“சொன்னேனேம்மா! வந்த அன்னிக்கே சொன்னேன்!”

“துப்பாக்கியைத் தொடாதேன்னுதானே சொன்னே. மெஷினைச் சொல்லலையே.”

ஹம்சா ஸ்டியரிங்கை முறுக்கிப் பிடித்தாள். தலையில் அடித்துக்கொள்ளக்கூட ஒரு கை ஒழியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ருக்மிணியின் குரல் இறங்கியது. “அவன்கிட்ட நான்தான்னு சொல்லிடாதே. அவன் கத்தினா என்னால தாங்க முடியாதுடி.”

ரேஞ்சில் காதுக்கவசம் மாட்டிக்கொள்ளாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. மாமியார் தலையில் ஒன்றை மாட்டிவிட்டு ஹம்சா அங்கிருந்த மேற்பார்வையாளரிடம் கத்தினாள். அவர் போய் முகுந்த்தின் தோளைத் தொட்டு நிறுத்தினார். அவன் ரிவால்வரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தபடி வந்தான். “என்ன, ரெண்டு பேரும்? இன்னிக்கு செம கிக்! ஒரு ரவுண்டு சுட்டேன், கையே அதிர்றது.”

ருக்மிணி மகனின் வலது கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். ஐந்தும் இருந்தன. ஹம்சா டப்பாவிலிருந்து குட்டைத் தோட்டா ஒன்றை எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

முகுந்த்தின் முகம் வெளுத்தது, உடனே சிவந்தது. அந்தச் சத்தத்தில் அவன் கத்தித்தான் பேசினான். “இதெல்லாம் நீ டபுள் செக் பண்ண மாட்டியா ஹம்சா? மீட்டிங்ல பேசிண்டே பண்ணியா? என் கை போயிருக்கும்! போதும், உனக்கு இந்த வேலையே வேண்டாம். நாளைக்கே மெஷினை வித்துடறேன், கடையிலயே வாங்கிக்கறேன்.”

உனக்கு இந்த வேலையே வேண்டாமாம்! யாரிடம் சொல்கிறான்? ஹம்சா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மகன் கையை விடாமலே தூரத்தில் தொங்கும் இலக்குத் தாளை வெகு சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சொல்லுங்கோம்மா” என்றாள் ஹம்சா. ருக்மிணி காதுக்கவசத்தைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். அடேயப்பா! கீழே மிக்ஸி ஓடும்போது மாடியில் கிசுகிசுப்பதைக் கேட்கிற காது!

பொறுத்தது போதும் என்று ஹம்சா அருகே போய், ஒரு பக்கத்துக் கவசத்தை விரலால் தூக்கி, காதருகே குனிந்தாள். “நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?”

ருக்மிணியின் உதடு பிரிந்தது. அதே நொடி பக்கத்துச் சுடுதடத்தில் எவனோ பெரிய துப்பாக்கி ஒன்றைச் சுட்டான். சுவரே அதிர்ந்தது. தூக்கிவாரிப்போட்டு, மகனின் கையை விட்டுவிட்டு, ருக்மிணி இரண்டு கைகளாலும் ஹம்சாவைக் கட்டிக்கொண்டாள். நகம் முதுகில் பதிந்தது. வெண்டைக்காய்ப் பிசுக்கு இன்னும் அந்த விரல்களில் இருந்தது.

“என்ன? அம்மா என்ன சொல்லணும்?” என்று முகுந்த் கேட்டுக்கொண்டே இருந்தான்.

பக்கத்துத் தடத்துக்காரன் மறுபடி குறி பார்த்தான். ஹம்சா சட்டென்று கவசத்தை மாமியாரின் அந்தக் காதின்மேல் திரும்பப் பொருத்தி, உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.